செவ்வாய்க்கிழமை பதினொரு மணி

"இந்தத் தீபாவளி போனஸோட நின்னுக்கிறேனுங்க அண்ணா" என்று பாத்திமுத்து சொன்னதும் நஞ்சுண்டன் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஷெட்டுலீங்க கூப்பிட்டாங்க?" என்பதுதான்.

கோயமுத்தூர் கணபதியில் கைத்திறன் உள்ள ஓர் ஆள் வேலையை விடுவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. பக்கத்துச் சந்தில் எவனோ மாதம் இரண்டாயிரம் கூட்டித் தருகிறான். இல்லையென்றால் அந்த ஆளே கடனை வாங்கி ஷெட் போட்டு முதலாளி ஆகப் போகிறான். மூன்றாவதாக ஒரு காரணத்தை நஞ்சுண்டன் தன் முப்பது வருடத் தொழிலில் கேட்டதில்லை.

"யாரும் கூப்பிடலீங்க. வேலையே வேண்டாம்னு நின்னுக்கிறேன்."

"உடம்புக்கு ஏதாச்சுங்களா அம்மணி?"

"உடம்பு நல்லா இருக்குதுங்க. நல்லா இருக்கறப்பவே நிக்கோணும்னுதான்."

"நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா இருக்கப் போறேனுங்க."

நஞ்சுண்டன் சிரித்தார். கோபிச்செட்டிபாளையத்தில் வாழைத்தோட்டமும் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் ஷெட்டும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். "நாப்பத்தேழு வயசுல சும்மா இருக்கறதாவது. ஒரு மாசம் இருங்க பார்க்கலாம். உங்க ஸ்டூலை யாருக்கும் தர மாட்டேனுங்க. வந்து உக்காந்துக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் பாத்திமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது.

இருபத்தாறு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் அவள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார் கருகிப் போனால், உள்ளே இருக்கும் பழைய கம்பியை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். ஸ்டேட்டர் என்னும் இரும்புக் குழாயின் நீளவாட்டுத் துளைகளில் பிளாஸ்டிக் பூசிய செம்புக் கம்பியை ஒரு முனையில் கோத்து மறுமுனையில் இழுக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் மோட்டார் முந்நூறு அடி ஆழத்தில் செத்துப்போகும். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கனத்தில் கம்பி என்று அவள் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாத்திமுத்து கட்டிய மோட்டார் திரும்பி வராது என்று கீரணத்தம் வரைக்கும் விவசாயிகள் சொல்வார்கள்.

வேலை வெறுத்துப்போய் அவள் நிற்கவில்லை. இது ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்கிய விஷயம்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது. காலை பதினொரு மணிக்கு அஃப்ராவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஷெட்டுக்கு போன் வந்தது. பிள்ளைக்கு எட்டு வயது. காய்ச்சல் கொதிக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கணவன் அப்துல் மஜீத் தன் சைக்கிள் கடைக்குச் சாமான் வாங்க ஈரோட்டுக்குப் போயிருந்தான். பாத்திமுத்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு ஸ்டேட்டர் அவசரமுங்க அம்மணி. தோட்டத்துக்காரரு வாசல்லயே நிக்கறாரு. சாப்பாட்டு நேரத்துக்குப் போயிக்கலாமுங்க" என்றார் நஞ்சுண்டன்.

கொங்குச் சீமையில் மறுப்பதையும் 'ங்க' போட்டுத்தான் மறுப்பார்கள். அவளும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அஃப்ரா அலுவலக அறை பெஞ்சில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். அழவில்லை. "நீ வேலை முடிச்சுட்டுத்தான் வருவேன்னு டீச்சர்கிட்டச் சொன்னேன்" என்றாள். பிள்ளை அழுதிருந்தால் பாத்திமுத்து அந்த நாளை என்றோ மறந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொந்தம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி முதலாளிக்குச் சொந்தம். அதை விலை கொடுத்து வாங்கிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். விலை எவ்வளவு என்று அப்போது தெரியாது.

மறுமாதத்திலிருந்து சம்பளத்தில் பாதியை இல்லாத பணமாக நினைக்கப் பழகினாள். எட்டாயிரத்தில் நாலாயிரம். சம்பளம் கூடினால் கூடினதிலும் பாதி. வட்டி வாங்குவதில்லை என்பதால் பேங்க் டெபாசிட் ஆகாது. வட்டித் தொழில், சாராயத் தொழில் பக்கம் போகாத கம்பெனிகளின் பங்குகளை மட்டும் வாங்குகிற மியூச்சுவல் ஃபண்டு ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்தாள். கல்யாண வளையல் ஆறு பவுனையும் விற்று அதிலேயே போட்டாள். "பொட்டப்புள்ளையை வெச்சுக்கிட்டு வளையலை விக்கிறவ நீ ஒருத்திதான்" என்று சொந்தத்தில் சொல்லாதவர் இல்லை. சந்தை விழுந்த வருடங்களில் மஜீத் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எடுத்துப்போடலாமா?" என்று கேட்பான். "மோட்டார் சூடாவுதுன்னு பாதி சுத்துல கம்பிய அறுப்பாங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

கூட வேலை பார்த்த பாலுசாமி லோன் வாங்கி லேத் பட்டறை போட்டான். இரண்டே வருடத்தில் லேத்தும் போய், மொபெட்டும் போய், பழைய ஸ்டூலுக்கே திரும்பி வந்தான். "நீயும் ஒரு ஷெட் போடு, நாங்கெல்லாம் உன்கிட்ட வந்தர்றோம்" என்று அவளைச் சீண்டியவனும் அவன்தான். "ஷெட் போட்டா எனக்குச் செவ்வாய்க்கிழமை மட்டுமில்ல, ஞாயித்துக்கிழமையும் போயிரும்" என்றாள். கோயமுத்தூரில் கையில் நாலு காசு சேர்த்துவிட்டு முதலாளி ஆகமாட்டேன் என்று சொல்வது ஏறக்குறைய ஊர்க்குற்றம்.

விலை எவ்வளவு என்று பின்னால் தெரிந்தது. பணத்தைப் பற்றி யூட்யூபில் பேசும் ஒருவர் சொன்னார்: வருடச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால், அதில் நூற்றுக்கு நாலு எடுத்துச் செலவு செய்துகொண்டே காலத்தை ஓட்டலாம், முதல் பெரும்பாலும் கரையாது. பாத்திமுத்து மோட்டார் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு வருடம் வீட்டுச் செலவை எழுதினாள். அரிசி, கறி, கரண்டு பில், மருத்துவக் காப்பீடு, பெருநாள் துணி, மொய். சொந்த வீடு என்பதால் வாடகை இல்லை. மஜீதின் கடை வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது என்பதால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வருடத்துக்கு இரண்டு லட்சம் வந்தது. ஆக ஐம்பது லட்சம். ஆவணி மாதம் பார்த்தபோது ஃபண்டில் ஐம்பத்திரண்டு லட்சம் நின்றது.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, போனஸ் ஐம்பத்தெட்டாயிரத்தையும் இனிப்புப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டூல் அங்கேயே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. உக்கடத்திலிருந்து தம்பி இல்யாஸ் சாப்பிட வந்திருந்தான். ஹார்டுவேர் கடைக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, ரிட்டயர்டு ஆபீசராமே. பென்ஷன் எந்த ட்ரெஷரியில வாங்குறே?"

"உன் கடைக்கு வந்து கேக்கமாட்டேன். சோத்தைத் தின்னு."

"அஃப்ரா கல்யாணத்துக்கு?"

அஃப்ராவுக்கு இப்போது இருபத்து நாலு வயது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. "என் கல்யாணத்துக்கு நான் சேக்கிறேன் மாமா. நகை கேக்குற ஊட்டுக்குப் போறதாவும் இல்ல" என்று கறியைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்கேத்த பொண்ணு" என்றான் இல்யாஸ். "எழுதி வெச்சுக்கக்கா. ஆறு மாசம். ஆறே மாசத்துல அந்த நஞ்சுண்டன் வாசல்ல போய் நிப்பே."

"நின்னா உன் கடையில ஒரு வருசம் ஆணி எடை போடுறேன்டா."

பேச்சுவாக்கில்தான் சொன்னாள். ஆனால் மஜீதும் கேட்டான், அஃப்ராவும் கேட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

தீபாவளியன்று ஊரெல்லாம் வெடிச் சத்தம். அஃப்ராவுக்கு விடுமுறை. அம்மாவின் கணக்கை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் என்று அந்த நீள நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். ஆடிட்டர் ஆபீசுக்காரர்கள் பக்கத்தைப் புரட்டுவதே ஒரு தினுசு. விரல் நின்றால் எங்கேயோ ஓட்டை என்று பொருள். விரல் நின்றது.

"ம்மா, ஜகாத் எங்கே?"

"என்ன ஜகாத்?"

"செலவுல ஜகாத்தே எழுதலையே."

வசதி உள்ள முஸ்லிம், ஒரு வருடம் கையில் நின்ற சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். அதுதான் ஜகாத். பாத்திமுத்து ஒரு ரமலானிலும் தவறியதில்லை. ஃபண்டில் நின்ற முழுப் பணத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பவள். சந்தேகம் இருந்தால் கூடக் கொடுப்பாள், குறைக்கமாட்டாள். ஆனால் அந்தப் பணம் ஒருநாளும் மாதச் சம்பளத்திலிருந்து போனதில்லை. தீபாவளி போனஸை அப்படியே எடுத்து வைத்துவிடுவாள். கோடையில் தோட்டத்து மோட்டார்கள் வரிசையாகக் கருகும்போது கிடைக்கும் ஓவர்டைம் காசையும் அதோடு சேர்ப்பாள். அடுத்த ரமலானுக்கு அது போய்விடும். வீட்டுக்குள்ளேயே வராத பணம் என்பதால் வீட்டுச் செலவு நோட்டிலும் அது ஏறவில்லை. சம்பளம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டவளுக்கு, போனஸும் ஓவர்டைமும் சேர்ந்தே நின்றுவிடும் என்பது தோன்றவே இல்லை.

யூட்யூபில் சொன்னவர் ஜகாத் கொடுப்பவர் இல்லை. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"ஐம்பத்திரண்டு லட்சத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம்" என்றாள் அஃப்ரா. "வருசா வருசம். இதையும் ஃபண்டுல இருந்தே எடுத்தா, நூத்துக்கு நாலு இல்ல, ஆறுக்கு மேல போயிரும். உனக்கு அறுபத்தஞ்சு வயசாகறதுக்குள்ள கரைஞ்சாலும் கரைஞ்சுரும்மா."

மஜீத் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். "ஸ்டூலை யாருக்கும் தரலைன்னுதான சொன்னாரு?"

பாத்திமுத்து அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து சைக்கிள் கடைக்குப் போய்விட்டான். தீபாவளியன்று கடை அடைப்பு என்பது பாதி வழியில்தான் அவனுக்கு நினைவு வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினாறு வருடமாகக் காத்திருந்த பதினொரு மணி. வெயில் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்க்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வந்து தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தது. பார்த்தாள், பார்வை நிற்கவில்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரம், ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று மண்டைக்குள் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளில் இன்னொருவருக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

செய்தி உக்கடத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். புதன்கிழமை இல்யாஸ் போன் செய்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. நிஜமாகவே உதவத்தான் நினைத்தான்.

"அக்கா, இருக்குற பணத்தை எடுத்து லைன் வீடா நாலஞ்சு வாங்கிப்போடு. வீட்டு மதிப்புக்கு ஜகாத் இல்ல. வாடகையில மிஞ்சி நிக்கறதுக்கு மட்டும்தான். கணக்கு நேராயிரும்."

"வீடு வேணும்னா வாங்குவேன்டா. ஜகாத்து வேண்டாம்னு வீடு வாங்கமாட்டேன்."

"எல்லாரும் பண்றதுதான். சட்டத்துல இடமிருக்கு."

"சட்டத்துல இருக்கும். எனக்குள்ள இல்ல. ஏழைக்குப் போறதை மிச்சம் புடிச்சுத்தான் நான் சும்மா இருக்கோணும்னா, அந்தச் சும்மா எனக்குத் தேவையில்ல."

"அப்ப என்னதான் பண்ணுவே? வேலைக்குப் போவியா?"

போனை வைத்துவிட்டாள். கேள்வி போனுக்கு வெளியே நின்றுகொண்டது.

போகலாம். ஸ்டூல் இருக்கிறது. 'ஒரு மாசம்கூடத் தாங்கலையா அம்மணி' என்று நஞ்சுண்டன் சிரிப்பார், அன்பாகத்தான். இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தால் தொகை பெருகும். கூடவே ஜகாத்தும் பெருகும். அந்த ஓட்டத்துக்கு எல்லை எங்கே? அறுபது வயதிலா? அதற்கு எல்லாரையும் போலவே இருந்திருக்கலாமே. வளையலையாவது போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மஜீத் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் நோட்டை எடுத்தாள். பின்பக்கத்துச் செலவுக் கணக்கை விட்டுவிட்டு முன்பக்கத்தைப் பிரித்தாள். இருபத்தாறு வருடம் கட்டிய மோட்டார்கள். தேதி பார்த்துக்கொண்டே போனாள். ஆடியிலும் ஐப்பசியிலும் வாரத்துக்கு நாலு. மழைக்காலத்தில் நாள் முழுக்க ஈ ஓட்டிய பக்கங்களும் உண்டு. மாசி பிறந்துவிட்டால் பக்கம் பிதுங்கியது. தண்ணீர் கீழே போகும், கரண்டு ஏறி இறங்கும், மோட்டார் கருகும், தோட்டத்துக்காரர் தென்னை காய்கிறது என்று ஷெட் வாசலிலேயே படுத்துக்கொள்வார். வருடத்தில் முக்கால்வாசி வருமானம் நஞ்சுண்டனுக்கு அந்த மூன்று மாதத்தில்தான். மீதி ஒன்பது மாதம் அவள் அந்த ஸ்டூலில் ஏன் உட்கார்ந்திருந்தாள்? அந்த மூன்று மாதத்துக்கு அவள் வேண்டும் என்பதற்காக.

பென்சிலை எடுத்தாள். பிப்ரவரி பதினைந்து முதல் மே பதினைந்து வரை தொண்ணூறு நாள். ஞாயிறு பதின்மூன்று போனால் எழுபத்தேழு. நாளுக்கு இரண்டு மோட்டார். ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை வகுத்துப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தனக்குத் தானே சிரித்தாள்.

சனிக்கிழமை போகவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று இருந்தாள்.

அந்த ஷெட்டின் வாசலைக் காலை பதினொரு மணிக்கு அவள் இதுவரை மிதித்ததே இல்லை. எட்டரைக்கு நுழைந்தால் ஆறுக்குத்தான் வெளியே வருவாள். பத்து நிமிடம் பிந்தினாலே பாலுசாமி இருமுவான். அன்று சரியாகப் பதினொரு மணிக்குப் பெருநாள் சேலையைக் கட்டிக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பாலுசாமி இருமவில்லை. கையில் பிடித்த கம்பியோடு அப்படியே பார்த்தான்.

நஞ்சுண்டன் முகம் மலர்ந்தது. "வாங்க அம்மணி, வாங்க. பத்து நாள்தானுங்க ஆச்சு. நான் ஒரு மாசம்னேன். பாலு, அந்த ஸ்டூலத் தொடச்சுப் போடுப்பா."

"ஸ்டூல் வேண்டாமுங்க. நாற்காலி போடச் சொல்லுங்க. பேச வந்திருக்கேன்."

நாற்காலி வந்தது. விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

"பிப்ரவரி பதினஞ்சுல இருந்து மே பதினஞ்சு வரைக்கும் வாரேனுங்க. வருசத்துக்கு அந்த மூணு மாசந்தான். நாள் சம்பளம் வேண்டாம். மோட்டாருக்கு எண்ணூத்தம்பது. நாளைக்கு ரெண்டு கட்டித் தர்றேன். ரெண்டு முடிஞ்சா மணி ரெண்டானாலும் மூணானாலும் எந்திரிச்சுப் போயிருவேன்."

நஞ்சுண்டன் சிரிப்பு பாதியில் நின்றது. "வெளியாளுக்கு அறுநூத்தம்பதுதானுங்களே தர்றது."

"வெளியாள் கட்டுனது மூணு திரும்பி வந்துச்சுங்களே, போன வருசம். ஒண்ணைக் கெணத்துல இருந்து தூக்கி எறக்கறதுக்கு என்ன செலவாச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

பாலுசாமி கம்பியைப் பார்த்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருந்தான்.

"எழுநூறு போட்டுக்கலாமுங்க."

"எண்ணூத்தம்பது."

"எண்ணூறுங்க அம்மணி. பழகின ஆளுன்னு சொல்றேன்."

எண்ணூறு என்றால் ஆறாயிரத்து எண்ணூறு குறையும். அது அவளுக்கு மனப்பாடம். குறைகிற ஆறாயிரத்து எண்ணூறு தன்னுடையதாக இருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பாள். இது தன்னுடையது இல்லை. நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வாரேனுங்க அண்ணா. பீளமேட்டுப் பக்கம் ஒருத்தர் கேட்டிருக்காரு."

யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வாசல் தாண்டி வெயிலில் கால் வைத்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரிங்க அம்மணி. எண்ணூத்தம்பதே இருக்கட்டுமுங்க."

திரும்பி வந்தாள். தேதியையும் விலையையும் ஒரு தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினாள். நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க. பணத்துக்கு முடை வந்துதான வந்தீங்க? ஒத்துக்கிட்டா என்னங்க?" என்றார்.

"வந்தது முடைதானுங்க. ஆனா எனக்கில்ல. எங்க ஊட்டுச் செலவுக்கு இந்த மூணு மாசக் காசுல ஒத்த ரூவா எடுக்கமாட்டேன். அத்தனையும் குடுக்கறதுக்கு. ஒம்பது மாசம் எனக்கு, மூணு மாசம் ஆண்டவனுக்கு. உங்களுக்குன்னு இனி ஒண்ணும் மிச்சமில்லீங்க."

கடுமையான பேச்சுதான். நஞ்சுண்டன் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வியாபாரிக்கே உரிய குரலில் மெதுவாகத் தொடங்கினார்: "அது சரிங்க. வந்ததும் வந்துட்டீங்க, நம்ம கோபி தோட்டத்து மோட்டாரு ரெண்டு அவசரமாக் கெடக்குதுங்க. நாளைக்கு மட்டும் ஒரு எட்டு வந்து..."

"நாளைக்கு ஆவாதுங்க. வேலை இருக்குது."

"என்ன வேலைங்க?"

"சும்மா இருக்கற வேலை."

பாலுசாமி பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

தெருவில் இறங்கியதும் போன் அடித்தது. இல்யாஸ். யாரோ ஷெட்டில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னக்கா, அந்த வாசல்ல போய் நின்னியாமே? ஆணித் தராசு தொடச்சு வெக்கட்டுமா?"

"நிக்கலடா. நாற்காலி போட்டு உக்காந்தேன். பாலுசாமியக் கேட்டுக்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மணி பதினொன்றே முக்கால். பேருந்து நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. எட்டு மணிக்குத் தொங்கிக்கொண்டு போகும் அதே டவுன் பஸ் காலியாக வந்து நின்றது. ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

வீட்டு நிறுத்தத்தைச் சொல்ல வாயெடுத்தவள், ஒரு கணம் யோசித்தாள்.

"இந்த பஸ்ஸு கடைசியா எங்க போய் நிக்குமோ, அங்கீங்க" என்றாள்.